குதிரையேறிப் போன பாதை



குதிரை என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? தோட்டத்து முனியாண்டி கோயில் வாசலில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் சுதைக் குதிரை ஒன்று. பந்தயத் திடலில் ஓடி, நம்மவர் சிலரின் சம்பளத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போன குதிரை இன்னொன்று. எனக்கு மூன்றாவதாக ஒரு குதிரை உண்டு. அதை நான் கண்ணால் கண்டதில்லை. என் தாத்தா புல் அறுத்துப் போட்ட குதிரை அது.

தாத்தாவின் தகப்பனார் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய துரைக்குக் குதிரைக்காரராக இருந்தவர். அந்தத் தோட்டத்துச் செம்மண் சடக்கில் அப்போது மோட்டார் வண்டி ஓடாது. துரை குதிரையேறித்தான் மரங்களைச் சுற்றிப் பார்ப்பாராம். தாத்தாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது, 1920களின் கடைசி. காலையில் புல் அறுப்பதும், மாலையில் குதிரையை ஆற்றுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டித் திரும்பக் கொண்டுவந்து கட்டுவதும் அவருடைய வேலை. துரையின் குதிரைக்கு லாயம், நம்மவர்களுக்கு லயம். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்று வகுப்பில் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. லாயத்துக்குச் சிமெண்டுத் தரை, லயத்துக்கு மண் தரை என்று தாத்தா சொன்னதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

இந்தப் பழங்கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாத இறுதிப் பள்ளி விடுமுறையில் இங்கிலாந்து போய்வந்தேன். போகும் வசதி எனக்கு இல்லை. பயணச் சீட்டு வாங்கி அனுப்பியவர் என் சின்னம்மா. என் தாயாருக்கு நேர் இளையவர். 1973இல் பத்தொன்பது வயதில் தாதிமைப் பயிற்சிக்காக அங்கே போனவர். அந்நாளில் மலேசியாவிலிருந்து நம் பெண்கள் பலர் அப்படிப் போனார்கள். ஒரு தகரப் பெட்டியும், குளிருக்குப் போதாத ஒரு கம்பளிச் சட்டையுமாகப் போன சின்னம்மா, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே குடும்பமாகி, ஓய்வும் பெற்றுவிட்டார். “எழுபது வயசாச்சு தம்பி, அக்கா மகனை ஒரு தடவை என் வீட்டில பார்க்கணும்” என்றார். மறுக்க முடியுமா?

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊருக்கு. சின்னம்மாவின் கிராமம் அதற்கு அருகில். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நான் கண்ட முதற்காட்சி, நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்த ஒரு மட்டக்குதிரை. கயிறு இல்லை, ஆளும் இல்லை. பின்னால் மூன்று கார்கள் பொறுமையாக நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அது தன் முதுகைச் சொறிந்துகொண்டு, நிதானமாக யோசித்து, ஒரு வீட்டு வேலிக்குப் பக்கமாக ஒதுங்கியது. நம் ஊரில் மாடு செய்கிற வேலைதான். மாட்டுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை.

அந்த வட்டாரத்துக்கு நியூ ஃபாரஸ்ட் என்று பெயர். புதுக்காடு என்று பொருள். பெயர்தான் புதிது. இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் 1079 அளவில் தம் வேட்டைக்காக ஒதுக்கிய பழங்காடு அது. 2005இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். காடு என்றால் நம் ஊர் ரிம்பாவை நினைத்துவிடாதீர்கள். ஓக் மரங்களும் பீச் மரங்களும் அடர்ந்த இடம் பாதி என்றால், மரமே இல்லாத புதர்வெளி மறுபாதி. அதில் ஏறத்தாழ 5,000 மட்டக்குதிரைகள் அவிழ்த்துவிடப்பட்டு மேய்கின்றன. காட்டுக்குதிரைகள் என்று நினைத்துச் சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. அங்குள்ள சில வீடுகளுக்கும் நிலங்களுக்கும் பரம்பரையாக மேய்ச்சல் உரிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவர் குதிரையை அவிழ்த்துவிடலாம். ஆண்டுக் கட்டணம் கட்டியதற்கு அடையாளமாக, காட்டு மேற்பார்வையாளர் குதிரையின் வால் மயிரை வெட்டிவிடுகிறார். ஒவ்வொரு மேற்பார்வையாளருக்கும் ஒரு வகை வெட்டு. வாலைப் பார்த்தே எந்தப் பகுதிக் குதிரை என்று சொல்லிவிடலாம். ரசீதை வாலில் எழுதும் ஊர்!

சின்னம்மாவின் பேத்திக்குப் பதின்மூன்று வயது. எனக்குத் தங்கை மகள். அரைத் தமிழ் பேசுவாள், “மாமா, பசியாறிட்டீங்களா?” என்பதை மட்டும் பாட்டியிடமிருந்து அச்சுப் பிசகாமல் கற்றிருக்கிறாள். அவளிடம் பிஸ்கட் என்று ஒரு மட்டக்குதிரை இருக்கிறது. இருக்கிறது என்றால் சொந்தமில்லை. அதன் உடைமைக்காரரின் பிள்ளைகள் வளர்ந்து கால் தரையைத் தொடும் அளவுக்கு உயர்ந்துவிட்டார்கள். விற்க மனமில்லாமல், தீனிச் செலவையும் லாடச் செலவையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று இவளிடம் இரவலாகக் கொடுத்திருக்கிறார். குதிரை வைத்துக்கொள்வது அங்கேயும் ஏழைகளின் காரியமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கையின் கணவர் தச்சு வேலை செய்பவர். அந்த வீட்டில் லாடம் அடிப்பவருக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பணம், மாதக் கணக்கில் எண்ணி ஒதுக்கும் பணம்.

குதிரையேற்றம் கற்கும் பிள்ளைகளுக்கு அங்கே சங்கம் இருக்கிறது. ‘போனி கிளப்’ என்று 1929இல் தொடங்கிய இயக்கம். ஊருக்கு ஊர் கிளை. வாரத்தில் ஒரு பாடம், அவ்வப்போது போட்டி. இதற்கெல்லாம் குதிரையை எப்படிக் கொண்டுபோவது? பெரும்பாலோர் லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அல்லது காருக்குப் பின்னால் கூண்டு வண்டியை மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். லோரி வாங்கும் விலையில் நம் பட்டணத்தில் சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். கூண்டு வண்டி மலிவு. ஆனால் அதை இழுக்கப் பெரிய கார் வேண்டும். உரிமச் சட்டமும் நெடுங்காலம் குறுக்கே நின்றது. 1997க்குப் பிறகு ஓட்டுநர் தேர்வு எழுதியவர்கள் கனமான கூண்டு வண்டியை இழுக்க இன்னொரு தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில்தான் அதை எடுத்தார்கள். எடுத்தும் தங்கைக்குப் பயனில்லை. அவளிடம் இருப்பது காய்கறி வாங்கப் போகும் சின்னக் கார்.

இதற்கெல்லாம் மேலே பிஸ்கட்டுக்கே லோரி ஆகாது. முன்னொரு முறை எங்கோ ஏற்றியபோது உள்ளே வழுக்கி விழுந்திருக்கிறதாம். அன்று முதல் சாய்வுப் பலகையைக் கண்டாலே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வியர்க்கும். ஆகவே இவள் பாடத்துக்கும் போட்டிக்கும் குதிரையேறியே போகிறாள், குதிரையேறியே வருகிறாள்.

வண்டி என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பெண், இடைநிலைப் பள்ளிக்கு வேன் கட்டணம் கட்ட முடியாமல் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டாள். பன்னிரண்டு கிலோமீட்டர். தோட்டத்துக்குள் பஸ் வருவதில்லை. கணக்கில் கெட்டிக்காரி. அவள் முகம் மனத்தில் இருந்ததால், வண்டி இல்லாத ஒரு பிள்ளை எப்படிப் போய்வருகிறாள் என்று பார்க்கும்போது நான் வெறும் வேடிக்கை பார்த்தவனாக இல்லை.

புதன்கிழமை பாடம். நான்கு கிலோமீட்டர். நானும் தங்கையும் சைக்கிளில் பின்னே போனோம். குதிரை சாதாரண நடையில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் போகும். நாம் நடந்து ஈடு கொடுப்பது சிரமம். துள்ளோட்டத்தில் அதைப் போல் இரு மடங்கு. ஆனால் தார்ச் சாலையில் துள்ளோட்டம் விடக்கூடாது. கல்லில் தட்டித் தட்டி முன்னங்கால்கள் நோகும், லாடமும் சீக்கிரம் தேயும். ஓரத்துப் புல்லில் ஓட்டலாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அந்தச் சின்னப் பெண்தான். நான் வாத்தியார், கைகட்டிக் கேட்டேன்.

கிராமத்து எல்லையில் ஒரு தடுப்பு. சாலையின் குறுக்கே பள்ளம் வெட்டி, மேலே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறார்கள். கார் கடகடவென்று போய்விடும். மேயும் குதிரையும் மாடும் குழாய்களுக்கு நடுவில் கால் மாட்டும் என்று பயந்து தாண்டுவதில்லை. ஏறிவருபவர்களுக்குப் பக்கத்தில் தனிக் கேட். இறங்காமலே அதைத் திறப்பது ஒரு வித்தை. குதிரையைக் கேட்டுக்கு ஒட்டிப் பக்கவாட்டில் நிறுத்தி, குனிந்து தாழ்ப்பாளை நீக்கி, குதிரையின் மார்பால் கேட்டைத் தள்ளி, உள்ளே போய், திரும்பி, மறுபடியும் ஒட்டி நிறுத்தித் தாழிட வேண்டும். பிஸ்கட் இரண்டு அடி முன்னே போனாலும் கை எட்டாது. அவள் அவசரப்படாமல் அதைச் செய்துவிட்டு, எங்களுக்காகக் காத்திருந்தாள்.

பாடத்தில் ஓட்டமும் தாண்டலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். முதல் அரை மணி நேரம் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதிலேயே போயிற்று. குளம்பில் சூடு இருக்கிறதா, லாடம் அசைகிறதா, ஆணியின் மடிந்த முனை எழும்பி நிற்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளையும் தடவிப் பார்த்து ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். குளம்பைத் தொட்டுச் சூடு பார்ப்பது! தாத்தா தம் கடைசிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் காலை அப்படித்தான் பிடித்துப் பார்ப்பார். 1990இல் காலமானார். அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அந்தக் களத்தில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

அன்று மாலை ஒரு கூத்து நடந்தது. பிஸ்கட்டுக்குத் தீனி போட ஆசைப்பட்டு, வேலியோரம் வளர்ந்திருந்த புல்லை ஒரு கை பிடுங்கிக்கொண்டு போனேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்து, புல்லை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். அங்கே மஞ்சள் பூப் பூக்கும் ஒரு களைச் செடி உண்டு. குதிரையின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. பூக்கும் முன் இலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பார்த்து முடித்து, “ஓகே மாமா, நல்ல புல்” என்றாள். சமையலறைச் சன்னலிலிருந்து சின்னம்மா சிரித்தார். “எங்கப்பாவும் இப்படித்தான் உதறுவாராம்” என்றார்.

சனிக்கிழமை போட்டி. ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிராமத் திடலில். அங்கே அந்தப் பருவத்தில் ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிறது. முந்தின இரவே சேணத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்து, கடிவாளத்தைத் தேய்த்து வைத்திருந்தாள். லோரியில் போகிறவர்கள் எல்லாவற்றையும் லோரியில் போட்டுக்கொள்ளலாம். இவள் யோசித்து யோசித்துக் கட்ட வேண்டும். வைக்கோல் வலை, வாளி, துடைக்கும் துணி, மாற்றுச் சட்டை எல்லாம் பத்து மணிக்குச் சின்னம்மாவின் காரில் வரும். குதிரையின் பாஸ்போர்ட்டும் அதிலேதான். ஆம், அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். உடம்புக்குள் அடையாளச் சில்லும் வைத்திருக்க வேண்டும். எங்கள் லயத்தில் நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிவிட்டு, சிவப்பு அடையாள அட்டையோடே கண்மூடிய ஒரு பாட்டியை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம். பெண்ணுக்குத் தலைக்கவசம், பதினான்கு வயதுக்குட்பட்டவர் சாலையில் அது இல்லாமல் குதிரையேறினால் சட்டப்படி குற்றம். தூரத்திலிருந்தே தெரியும்படி பளீரென்ற மஞ்சள் மேற்சட்டை. பிஸ்கட்டின் கால்களிலும் மஞ்சள் பட்டை.

முதல் இரண்டு கிலோமீட்டர் மரநிழல். அதன் பிறகு புதர்வெளி. அங்கே ஒரு சிக்கல். அந்தக் காட்டில் குதிரையேறுபவர் எங்கும் போகலாம். சைக்கிள்காரர் குறிக்கப்பட்ட சரளைப் பாதையில் மட்டுமே போகலாம். அவள் வெளியைக் குறுக்கே கடக்க வேண்டும். நாங்கள் சுற்றிக்கொண்டு மறுகரைக் கேட்டுக்குப் போக வேண்டும். பதினைந்து நிமிடம் அவள் தனியே. போகும் முன் தங்கை ஒரு கேள்விதான் கேட்டாள்: “வெள்ளையா தெரிஞ்சா?” மகள், “சுத்திப் போவேன்” என்றாள். புரியாமல் நான் கேட்டபோது தங்கை விளக்கினாள். அந்த வெளியில் ஆங்காங்கே புதைசேறு உண்டு. மேலே பார்த்தால் பசும்புல். ஆனால் சேறுள்ள இடத்தில் ஒரு வகைப் புல் வளர்ந்து, அந்த மாதங்களில் பஞ்சு வெடித்தது போல் வெள்ளைக் குஞ்சம் விடும். பஞ்சு தெரிகிற பக்கம் குதிரையை விடக்கூடாது.

கேட்டருகே போய் நின்றோம். பதினைந்து நிமிடம் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. மஞ்சள் பூத்த முட்புதர்களும், அவற்றுக்கு மேலே வானமும்தான் தெரிந்தன. தங்கை சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டே இருந்தாள், ஒலிக்காமல். இருபத்தைந்தாவது நிமிடத்தில் புதர்களுக்கு மேலே அந்த மஞ்சள் மேற்சட்டை அசைந்து வந்தது. பாதையில் ஒரு தாய்க்குதிரை குட்டியோடு படுத்திருந்ததாம். பிஸ்கட்டைக் கண்டு எழுந்து முறைத்ததாம். அதற்காகப் பெரிய வளைவாகச் சுற்றி வந்தேன் என்றாள், கடைக்குப் போய் வந்தவள் போல.

அடுத்தது சாலை. வேலியில்லாத காட்டுச் சாலைகளில் அங்கே மணிக்கு 40 மைல், அதாவது 64 கிலோமீட்டர்தான் எல்லை. குதிரையைக் கடக்கும் கார் 10 மைலுக்கு மேல் போகாமல், இரண்டு மீட்டராவது இடம் விட்டுக் கடக்க வேண்டும் என்று 2022இல் சாலை விதிநூலில் தெளிவாக எழுதிவிட்டார்கள். அநேகமாக எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் கையைச் சற்றே உயர்த்தி நன்றி சொன்னாள். ஏழெட்டுக் கார்கள் போயிருக்கும். பிறகு ஒன்று வந்தது. வேகத்தைக் குறைக்கவே இல்லை. எனக்கும் குதிரைக்கும் ஒரு கை அகலம் விட்டுச் சீறிப் போயிற்று.

பிஸ்கட் பக்கவாட்டில் துள்ளிச் சாலை நடுவுக்குப் போய்விட்டது. நான் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கிவிட்டேன். என் லட்சணம் அவ்வளவுதான். அவளோ கத்தவில்லை, கடிவாளத்தைப் பிடித்து இழுக்கவும் இல்லை. சேணத்தில் அழுந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே, குதிரையைப் புல்லோரத்துக்குத் திருப்பி ஒரு சின்ன வட்டம் சுற்றவிட்டாள். பின்னால் வந்த இன்னொரு கார் தூரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. வட்டம் முடிந்ததும் அந்தக் காருக்கு அவள் கையை உயர்த்தினாள். கை நடுங்கியது. பிறகு நான் பார்க்காதபடி கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திடலில் லோரிகள் வரிசையாக நின்றன. ஒரு லோரியின் பின்பாதி குதிரைக்கு; முன்பாதியில் மெத்தையும் அடுப்பும் கைகழுவும் தொட்டியும். எங்கள் லயத்து அறையைவிடச் சற்று வசதி. எங்களைக் கண்டு ஓரிருவர், “ஏறியா வந்தீர்கள்?” என்று கேட்டார்கள். ஏளனம் இல்லை. வயதான ஓர் ஆங்கிலேய அம்மாள், தம் சிறு வயதில் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள் என்று சொல்லி, பிஸ்கட்டின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார்.

அவள் இரண்டு போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கலாம், மூன்றுக்கும் கொடுக்கலாம். ஒன்றுக்குத்தான் கொடுத்திருந்தாள். ஏனென்று கேட்டதற்கு, “வீட்டுக்குப் போகணுமே மாமா” என்றாள். ஒன்பது கிலோமீட்டர் வந்த குதிரை ஒன்பது கிலோமீட்டர் திரும்பவும் நடக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு எஞ்சும் பலம்தான் போட்டிக்கு.

எழுபது சென்டிமீட்டர் உயரத்தில் வண்ணக் கட்டைகள். குதிரை தாண்டும்போது ஒரு கட்டை விழுந்தால் நான்கு புள்ளி போகும். தட்டாமல் முடித்தவர்கள் மட்டும் மறுசுற்றில், சில தடைகளை நேரம் கணக்கிட்டுத் தாண்ட வேண்டும். லோரியில் வந்த குதிரைகள் உடம்பு சூடேற நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தன. பிஸ்கட்டுக்கு அது தேவைப்படவில்லை. வந்த வழியே போதுமாயிருந்தது. ஒரு கட்டையையும் தட்டாமல் முடித்தது. அப்படி முடித்தவர்கள் மொத்தம் ஆறு பேர். சின்னம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

மறுசுற்றுக்குக் காத்திருக்கும்போது அவள் இறங்கி நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்தாள். முன் வலக்காலில் லாடம் இலேசாக அசைந்தது. ஒரு ஆணியின் மடிப்பு எழும்பியிருந்தது. அந்தச் சின்னத் திடலில் லாடக்காரர் இல்லை. மெதுவாக நடந்தால் தாங்கும். வேகமாகத் திரும்பினால், பின்குளம்பு மிதித்து லாடம் கழன்றுவிடலாம்; குளம்பின் ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு போகலாம். பிறகு சரளைப் பாதையில் ஒன்பது கிலோமீட்டர்.

பக்கத்து லோரிக்கார அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனம். “நீ தாண்டு. லாடம் போனால் போகட்டும். என் லோரியில் ஓர் இடம் காலி, வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன்” என்றார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் சின்னம்மாவைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், வாசகர்களே, போகட்டுமே என்றுதான் எனக்கும் தோன்றிற்று. முதற்பரிசுக்குச் சிவப்பு ரிப்பன். மேசையில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நம் பிள்ளை ஒருத்தி அதை வாங்குவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அவள் அந்தச் சாய்வுப் பலகையை ஒரு முறை பார்த்தாள். பிஸ்கட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது, காதை முன்னே நீட்டி. அம்மாளுக்கு நன்றி சொல்லிவிட்டு, நடுவர் மேசைக்குப் போய்த் தன் பெயரை எடுக்கச் சொன்னாள். திரும்பி வந்தவள் எங்கள் யாரிடமும் பேசவில்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டினாள். ஆறு பேரில் ஆறாவது என்று கடைசி ரிப்பனைக் கொடுத்தார்கள். அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது அவள் ஏறவில்லை. குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதையோரப் புல்லிலேயே நடந்தாள். புதர்வெளிப் பக்கம் போகாமல் மூவரும் சரளைப் பாதையிலேயே சுற்றிவந்தோம். வெயில் இருந்தது, ஆனாலும் குளிர்ந்த காற்று. பாதி வழியில் அவளுக்குக் கால் வலித்தது. குதிரைச் சவாரிக் காலணி நடப்பதற்குத் தைத்ததன்று. “மாமா, நீங்க பிடிக்கிறீங்களா? நான் உங்க சைக்கிள்ல வரேன்” என்றாள்.

அதுவரை அந்தக் குதிரையை நான் தொட்டதுகூடக் கிடையாது. பயம். பிடித்தேன். தோளுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும், முன்னே இழுக்கக் கூடாது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று மூன்று விதி சொன்னாள். ஒரு கட்டை தூரம் நடந்திருப்பேன். அதன் மூச்சு என் முழங்கையில் பட்டுக்கொண்டே வந்தது. பசும்புல்லும் வியர்வையும் கலந்த ஒரு வாடை. இந்த வாடையோடுதான் தாத்தா லயத்துக்குத் திரும்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சாலை வந்ததும் அவளே வாங்கிக்கொண்டாள். போக்குவரத்துக்கும் குதிரைக்கும் நடுவில் ஆள் நடக்க வேண்டும், அந்த இடம் விருந்தாளிக்கு இல்லை என்றாள்.

வீடு வர மாலை ஐந்தாகிவிட்டது. கால்களைத் தண்ணீர் விட்டுக் கழுவி, குளம்பை மறுபடியும் தடவிப் பார்த்து, புல்வெளியில் அவிழ்த்துவிட்டாள். பிஸ்கட் முன்காலை மடித்துப் படுத்து, முதுகைத் தரையில் தேய்த்துப் புரண்டு எழுந்து, உடம்பைச் சிலிர்த்துவிட்டு மேயத் தொடங்கியது. லாடக்காரர் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். நான் அதற்குள் விமானத்தில் இருப்பேன்.

இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அவளுக்குத் தாத்தாவின் கதையை நான் சொன்னேன். புல் அறுத்தது, குளிப்பாட்டியது, லாயம், லயம். தங்கை ஆங்கிலத்தில் விளக்கினாள். பெண் வெகுநேரம் யோசித்துவிட்டு, பாட்டியைப் பார்த்துக் கேட்டாள்: “அவர் ஒரு தடவைகூட ஏறலையா?”

“இல்லை” என்று நான் சொல்ல வாய் திறந்தேன். எனக்குத் தெரிந்த கதையில் அவர் ஏறியதில்லை.

“ஏறினாரு” என்றார் சின்னம்மா. “உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது தம்பி. நான் இங்க புறப்பட்ட அன்னிக்கு ராத்திரி என்கிட்ட சொன்னாரு. ஆத்துல குளிப்பாட்டிட்டு வரும்போது இருட்டிப்போச்சாம். யாரும் பார்க்கமாட்டாங்கன்னு ஏறிட்டாராம். மண்டோர் பார்த்துட்டான். ரெண்டு நாள் அவங்கப்பாவுக்குப் பேர் போடல.”

தங்கை அதை மகளுக்கு மொழிபெயர்த்தாள். பேர் போடுவது என்றால் என்னவென்று விளக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“எவ்வளவு தூரம் ஏறிப் போனார்?” என்று கேட்டாள் பெண்.

“ஆத்தங்கரையிலேர்ந்து லாயம் வரைக்கும்” என்றார் சின்னம்மா.